பேக்ஸ்பேஸுக்கு வைத்த பொட்டு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் லேப்டாப் பழுதுபார்க்கும் ஆஷிக் அலி ஒரு கீபோர்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சந்தனம் காய்ந்து கிடந்தது. "ஆயுத பூசைக்கு வச்ச பொட்டு. வருசத்துக்கு நாலு இப்படி வருது" என்றார். கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
அந்தி சாயும் நேரத்தில் பிரேமலதா (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

பாவம், பிரேமலதா ஒரு (பாவம் என்றால் உடனே உச்சுக்கொட்டுவீர்கள்.)

பிரேமலதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மகாராஜன் அண்ணாச்சியின் மொத்தச் சேலைக் கடையில் பன்னிரண்டு வருடங்களாக வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதம் அவளுடையது, கையெழுத்து அவருடையது. இந்த வருடம் அண்ணாச்சி லேப்டாப் வாங்கிவிட்டார்.

"பூசை முடிஞ்சு திங்கக்கிழமை ஒரு லெட்டர் அடிச்சுக் காட்டணும். இல்லன்னா எந் தங்கச்சி மருமவ வந்து ஒன் சீட்டுல உக்காந்துருவா, ஆமா."

3.
ஒரு வாரம் கீ படித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. ஷிஃப்ட் தனியாக ஒன்றும் செய்யாது, அடுத்த கீயைத் தூண்டிவிடும். அந்தக் குணமுள்ள இரண்டு பேர் அவள் குடும்பத்திலேயே உண்டு. எஸ்கேப்பை அழுத்திப் பார்த்தாள், அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். மிகவும் பிடித்துப்போனது பேக்ஸ்பேஸ். செய்த தப்பை அது ஊருக்குத் தெரியாமல் விழுங்கிவிடுகிறது.

அவள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைத்தால் ஒரு பாகத்தையும் விடமாட்டார்கள். ஆயுத பூசையன்று லேப்டாப்புக்கும் அப்படியே செய்தாள். எல்லாக் கீக்கும் ஒரு பொட்டு. பேக்ஸ்பேஸுக்கு மட்டும் பிரியத்தில் சந்தனம் கொஞ்சம் தாராளம்.

4.
திங்கட்கிழமை பேக்ஸ்பேஸ் மட்டும் வேலை செய்யவில்லை.

(அழிக்க வேறு வழிகளும் உண்டு. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொன்னால் கதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். செய்தது அயோக்கியத்தனம்தான். அதனால்தான் நானும் எதையும் அழிக்காமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.)

கடையநல்லூர் ஹபீப் முகம்மதுக்கு, சரக்கு வியாழக்கிழமை வரும் என்று ஒரு கடிதம். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்தாள். ஒரு தப்பில்லை. கடைசியில் 'இப்படிக்கு' என்று அடித்து, அண்ணாச்சியின் பெயர் வரவேண்டிய இடத்தில் பிரேமலதா என்று அடித்துவிட்டாள்.

5.
முடிவு ஒன்று: அண்ணாச்சி வாய்விட்டுச் சிரிக்கிறார். (அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.)

முடிவு இரண்டு: தங்கச்சி மருமகள் கைப்பையோடு வந்து

நான் இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிரேமலதா பிரிண்ட் கொடுத்துவிட்டாள். அதை நான் எழுதவில்லை.

அண்ணாச்சி தாளைப் படித்தார். "லெட்டரு சரியாத்தான் இருக்கு. கீழ என்னது, ஒம் பேரு கெடக்கு?"

"எழுதுனது நாந்தான, அண்ணாச்சி."

பன்னிரண்டு வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அவள் பெயரைக் கோடு போட்டு அடிக்கவா, அதன் கீழே கையெழுத்துப் போடவா என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவை உங்களிடம் தந்துவிடுகிறேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.