வயிற்றில் போட்ட வட்டம்

அந்தத் தையல் கடையில் வெட்டுவது அவர், தைப்பது அவள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. கத்தரிக்கோலை அவள் தொட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். “கோடு போடாம வெட்டாதே, தைச்சு முடிக்காம கோட்டை அழிக்காதே” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே பாடம் நடத்துவார். பெரிய மேதாவி!

இப்போது அவர் வயிற்றிலேயே கோடு. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுநீர் வெளியேற வயிற்றில் சின்னத் துளை வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டப்போகிறார்கள். நர்ஸம்மா அவரை உட்காரவைத்து, குனியவைத்து, மடிப்பு விழாத இடமாகப் பார்த்து, துளை வரும் இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டார்.

“ஆபரேஷன் வரைக்கும் அழியாம பாத்துக்கங்க.”

“நம்ம தொழிலைத்தான் பண்றாங்கடி” என்று அவர் சிரித்தார்.

பேன்ட்டின் இடுப்புப்பட்டி சரியாக அந்த வட்டத்தை அழுத்தியது. வீட்டுக்கு வந்ததும் அவள் அவருடைய பேன்ட்டுகளை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோலையும் அவளே எடுத்தாள். பட்டியைப் பிரித்து, முன்பக்கத்தை வெட்டி, பைக்கு இடம் விட்டுத் துணி சேர்த்தாள். மெஷின் ஓடும்வரை அழுகை வராது என்பதால் விடாமல் ஓட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் டாக்டர் கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஈரலுக்கும் பரவிடுச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை. வலி தெரியாம பாத்துக்கலாம்.”

எந்த ஆபரேஷனை நினைத்துத் தூக்கம் கெட்டாளோ, அதையே செய்யச் சொல்லி அந்த டாக்டர் காலில் விழலாமா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெட்டிய பேன்ட்டுகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவசரக்குடுக்கை நான். எல்லாப் பேன்ட்டையும் வெட்டிப் பாழாக்கிட்டேன்” என்றாள்.

அவர் ஒரு பேன்ட்டின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் வெட்டியிருக்கே. இனிமே கத்தரிக்கோலும் உன்கிட்டயே இருக்கட்டும்.”

பிறகு அவர் ஈரத்துண்டில் சோப்பைத் தேய்த்து, சட்டையைத் தூக்கி வட்டத்தைத் துடைக்கப் போனார். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தைச்சு முடிக்காம அழிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அழிக்காதீங்க.”

அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டு முதல்முறையாக அழுதார்.