தசரா லைன்

காலை எட்டு மணியிலிருந்து லேப்டாப் திரையில் அந்தச் சிவப்புப் பெட்டி ஈவாஞ்சலினை முறைத்துக்கொண்டிருந்தது. முறைக்கட்டும். அவளும் விடாமல் முறைத்தாள்.

துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் கார்னெட் என்னும் கனிம மணலைக் கழுவி, காயவைத்து, காந்தத்தில் பிரித்து, சலித்து மூட்டை கட்டுகிற ஆலை அது. அதன் கண்ட்ரோல் ரூமில் பதினான்கு வருடமாக ஆபரேட்டர் அவள். எந்தக் குழாயில் தண்ணீர் குறைகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆனால் படம் வரைகிற சாஃப்ட்வேர் என்று ஒன்றை அன்றுவரை தொட்டதில்லை. இரண்டு நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை, மேனேஜர் சங்கரபாண்டியன் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"புது சாஃப்ட்வேர். பிளாண்ட் முழுசையும் இதுல வரஞ்சிரு. புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, ஹெட் ஆபீஸ்லேருந்து மேடம் வாராங்க. பழைய ட்ராயிங்கப் பாத்து அப்படியே போட்டாப் போதும்."

எதற்கு விசாரணை என்று அவள் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் பம்ப் ஹவுஸில் பாலகணேஷின் வலது கை வெந்துபோனது. ஏரல் பக்கத்து நெல் வயல்காரன். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பம்ப்பில் மணல் அடைத்துக்கொண்டதென்று வரும் வழி வால்வை மூடிவிட்டு போல்ட்டைக் கழற்றினான். கொதிக்கிற சேற்றுத் தண்ணீர் பீறிட்டு மணிக்கட்டிலிருந்து தோள்வரை அடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு, வால்வை மூடாமலே பம்ப்பைப் பிரித்தாய் என்று சஸ்பெண்ட் ஆர்டர் போய்ச் சேர்ந்தது.

பழைய ட்ராயிங்கின்படி அந்தப் பம்ப்புக்குத் தண்ணீர் வர வழி ஒன்றே ஒன்றுதான். அதை மூடியிருந்தால் சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. வந்துவிட்டது, ஆகையால் அவன் மூடவில்லை. வந்த தண்ணீர் ஏன் கொதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடேயப்பா, என்ன ஒரு நியாயம்! இந்த நியாயத்துக்கு அவள் கையாலேயே கலரில் ஒரு படம் வேறு வேண்டுமாம்.

உண்மையில் வழி இரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால், குலசேகரன்பட்டினம் தசரா நேரத்தில், ஃபிட்டர்களில் பாதிப்பேர் மாலை போட்டு வேஷம் கட்டப் போயிருந்தபோது, தண்ணீர்த் தட்டுப்பாடு கழுத்தைப் பிடித்தது. மணலைக் காயவைக்கும் டிரையரின் புகையைக் கழுவிவிட்டு வரும் சுடுதண்ணீரை வீணாக்காமல் அந்தப் பம்ப்புக்கே திருப்பிவிடச் சொன்னார் சங்கரபாண்டியன். மிச்சமிருந்த நாலு பேர் சேர்ந்து ஒரு குழாயை ஒட்டவைத்தார்கள். தசரா முடியட்டும், ட்ராயிங்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அதோடு சரி. ஆலையில் அதற்குப் பெயரே தசரா லைன் என்றாகிவிட்டது.

ஷிஃப்ட் ஆட்கள் குழம்பிவிடக்கூடாதே என்று ஈவாஞ்சலின்தான் பம்ப் ஹவுஸ் சுவரில் சிவப்பு எனாமல் பெயிண்டால் அந்த லைனை வரைந்து வைத்தாள். பூசணிக்காய் உடைத்துத் தண்ணீர் திறந்த அன்று, "அப்ரூவல் இல்லாத ட்ராயிங் செல்லாதுளா" என்று சிரித்துக்கொண்டே அவளிடமிருந்து பிரஷை வாங்கி, சங்கரபாண்டியன் கீழே கையெழுத்துப் போட்டார். மறுவருடம் ஆயுத பூஜைக்கு பம்ப் ஹவுஸுக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கடுத்த தை மாதம் பாலகணேஷ் வேலையில் சேர்ந்தான். இப்போது குழாயும் இல்லை. கை வெந்த மறுநாளே அறுத்து எடுத்துப் பழைய இரும்போடு போட்டாயிற்று.

சாஃப்ட்வேர் முதல் நாள் அவளைப் படாதபாடு படுத்தியது. இடப்பக்கம் பம்ப், தொட்டி, சல்லடை என்று குட்டிக் குட்டிப் படங்கள். பிடித்து இழுத்து நடுவில் விட வேண்டும். ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குக் கோடு இழுத்தால் அதுவே அம்புக்குறி போட்டு நம்பரும் கொடுத்துவிடும். அவள் இழுத்த கோடு டிரையரைச் சுற்றிக்கொண்டு சல்லடையின் தலைக்குமேல் போய் உட்கார்ந்தது. "சனியனே, அங்கன ஏன் போற?" என்று லேப்டாப்பைத் திட்டினாள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் பிடி கிடைத்துவிட்டது. லாக் புத்தகத்தில் விபத்துக்கு முந்தின நாளைப் புரட்டி, மீட்டர் காட்டிய அளவுகளை ஒவ்வொரு கோட்டிலும் ஏற்றினாள்.

இன்று காலை ஏற்றி முடித்து, சரிபார் என்ற பட்டனை அழுத்தியதும் அந்தப் பம்ப்பைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி விழுந்தது. உள்ளே வருவது அறுபது கன மீட்டர், வெளியே போவது எண்பது. இருபது எங்கிருந்து வந்தது என்று கேட்டது சாஃப்ட்வேர். ஒரு மெஷினுக்குத் தெரிகிறது, மனுஷனுக்குத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதரைக்குச் சங்கரபாண்டியன் வந்து பார்த்தார்.

"எம்பத அறுபதாக்கு. சிவப்பு போயிரும்."

"மீட்டர்ல எம்பதுதான் சார் ஓடிருக்கு."

"ஏளா, இது வெறும் படம். படத்துக்கு எதுக்கு இம்புட்டு வம்பு? பதினோரு மணிக்குள்ள மாத்தி வையி."

"தசரா லைனப் போட்டாலும் சிவப்பு போயிரும் சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எந்த லைன்? அப்படி ஒரு லைன் எங்கன இருக்கு? நீ காட்டு, நான் பாக்கேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்! குழாயை அறுத்த கை, இப்போது குழாய் எங்கே என்று கேட்கிறது. மாதாவே, என்று பல்லைக் கடித்தாள் ஈவாஞ்சலின். முந்தின நாள் பாலகணேஷ் போனில் பேசியது காதைவிட்டுப் போகவில்லை. "மூடுனேன்க்கா. மூடுனேன்னுதான் நெனைக்கேன். எல்லாரும் சொல்லதக் கேட்டு, இப்ப எனக்கே சந்தேகமா இருக்குக்கா." வேலையை எடுத்துக்கொள்கிறார்கள், கையை எடுத்துக்கொண்டார்கள், அவன் ஞாபகத்தையுமா எடுத்துக்கொள்ள வேண்டும்?

எண்பதை அவள் தொடவில்லை.

பதினோரு மணிக்கு, ஹெட் ஆபீஸ் பாதுகாப்பு அதிகாரி அனிஷா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பாலகணேஷ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தான். ஈவாஞ்சலின் படத்தைத் திரையில் போட்டதும் சிவப்புப் பெட்டி பளிச்சென்று நின்றது.

"இது என்ன?" என்றாள் அனிஷா.

சங்கரபாண்டியனின் முகம் ஒரு நொடி கறுத்து, உடனே சிரித்தது. "அது ஒண்ணுமில்ல மேடம். இவங்க சாஃப்ட்வேருக்குப் புதுசு. மூணு நாளாத்தான் கத்துக்கிட்டிருக்காங்க. எங்கயோ தப்பாப் போட்டிருக்காங்க."

ஈவாஞ்சலின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சாஃப்ட்வேர் எனக்குப் புதுசுதான் மேடம். தண்ணி புதுசில்ல. இருபது கன மீட்டர் சுடுதண்ணி அந்தப் பம்ப்புக்கு வேற வழியா வந்துக்கிட்டிருந்தது. அந்தக் குழாய அறுத்துட்டாங்க. என்கூட பம்ப் ஹவுஸுக்கு வாங்க, காட்டுதேன்."

"அங்கன ஒண்ணுமே இல்ல மேடம், வெறும் சுவரு," என்றார் சங்கரபாண்டியன்.

"வெறும் சுவருதான? பாக்கட்டும்."

நாலு பேரும் போனார்கள். ஈவாஞ்சலின் இடுப்பிலிருந்த லாக்கர் சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாள். எனாமலுக்குமேல் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. சுரண்டச் சுரண்டக் கோபம் கூடியது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. சிவப்பில் ஓர் அம்புக்குறி வந்தது. பிறகு டிரையர், ஒரு வால்வு, பம்ப். அதன்கீழே அவள் எழுத்து: சுடுதண்ணி. பம்ப்பைப் பிரிக்குமுன் இரண்டு வால்வையும் மூடவும். அதற்கும் கீழே தேதியும் சங்கரபாண்டியனின் கையெழுத்தும்.

அனிஷா போனை எடுத்துப் படம் பிடித்தாள். ஒன்றுக்கு நாலாகப் பிடித்தாள்.

"இதுக்கு வெள்ளையடிக்கச் சொன்னது யாரு, அதையும் சொல்லச் சொல்லுங்க!" என்று கத்தினார் சங்கரபாண்டியன். "பூஜைக்கு சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டு நின்னது இவதான் மேடம்!"

ஈவாஞ்சலின் வாயைத் திறப்பதற்குள், பாலகணேஷ் சுவருக்குப் பக்கத்தில் வந்தான். கட்டுப்போடாத கை விரலால் அந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தான்.

"ரெண்டு வால்வா?" என்றான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான். "இது ஒங்க எழுத்துல்லாக்கா? ஒங்களுக்குத் தெரியுமா? அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாக்கா?"

இரண்டு வாரமாக மேனேஜர்மேல் கொட்டிக்கொண்டிருந்த அத்தனை ஆத்திரமும் அப்படியே திரும்பி அவள்மேல் வந்து விழுந்தது. ரத்தம் ஒட்டிய சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு அனிஷாவிடம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க மேடம். வரஞ்சது நான். வெள்ளையடிக்கச் சொன்னதும் நான். இவன் வேலைக்கு வந்தப்ப சொல்லாம விட்டதும் நான்தான். எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா முதல்ல இத எழுதுங்க. அவன் வால்வ மூடுனான்."