விழாத சுவர்

நெருப்பு எரிகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு ஆளுக்குச் சம்பளமா என்று கேட்காதவர்கள் திருகோணமலையில் குறைவு. அந்த ஆள் நான்தான். பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது. மற்றவர்கள் நெருப்போடு மல்லுக்கட்டும்போது நான் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். கூரை எப்படி, சுவர் எப்படி, உள்ளே போனவன் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபத்து என்று கண்டால் எவரையும் கேளாமல் விசில் ஊதலாம். விசில் கேட்டால் எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

எங்கள் தீயணைப்பு நிலையப் பொறுப்பாளர் குலசிங்கம் இந்த வேலையை என் திறமைக்காகத் தரவில்லை. நான் குழாய் பிடித்த காலத்திலேயே வாய் நீளமானவன்.

"எந்த நேரமும் இது பிழை, அது பிழை எண்டு கத்துறீர் அபூதாஹிர். இனி அதையே வேலையாச் செய்யும்" என்றார்.

சரி என்று செய்தேன். அதற்குத்தான் என்னை ஊரே காறித் துப்பியது.

எழுபத்து நாலாம் ஆண்டு. அரிசிக்கு நாடே அலைந்த காலம். பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். எல்லார் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஜமால்தீன் ஹாஜியாரின் களஞ்சியத்தில் தீப் பிடித்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். உள்ளே பங்கீட்டுக் கூப்பன் கடைகளுக்குப் போக வேண்டிய அரிசி, முகடு வரை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. ஊர் தின்ன வேண்டிய அரிசி அது. காலை வெயில் ஏறுவதற்குள் வீதி நிறையச் சனம். ஆண்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

சின்னராசாவும் இன்னும் சிலரும் குழாயோடு உள்ளே போனார்கள். சின்னராசா எங்கள் படையில் கெட்டிக்காரன்; என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான். நெருப்பைக் கண்டால் அவனுக்குக் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி. கடற்பக்கச் சுவருக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய வழி இருந்தது. அதற்குள் நின்றுதான் தண்ணீர் அடித்தார்கள். புகை கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியது. சனம் கை தட்டியது.

நான் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். சுவரின் அடியில் தண்ணீர் வெளியேறுகிற துவாரங்கள் இருந்தன. அவற்றில் பூனை மூத்திரம் போல ஏதோ சொட்டியது. இவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அப்படியென்றால் எங்கே போகிறது? அரிசிக்குள் போகிறது. உலை வைக்கிற எவருக்கும் தெரியும், அரிசி தண்ணீர் குடித்தால் ஊதும். முகடு வரை அடுக்கிய அரிசி ஊதினால் அதற்கும் இடம் வேண்டும். பக்கக் கதவுக்குப் போனேன். நாங்கள் வந்தபோது ஒரு விரலால் தள்ளித் திறந்த கதவு, இப்போது தோளால் இடித்தும் அசையவில்லை. நிலை நெரிந்திருந்தது. தலையை உயர்த்திப் பார்த்தேன். கடற்பக்கச் சுவரின் நடுப்பகுதி பிள்ளைத்தாச்சி வயிறு போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

விசிலை ஊதினேன். மூச்சு முட்டும்வரை ஊதினேன்.

சின்னராசா கடைசியாக வெளியே வந்தான். முகம் முழுக்கக் கரி. அந்தக் கரிக்குள் கண் இரண்டும் எரிந்தன.

"என்ன நானா இது? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நெருப்பை நூத்துப் போட்டிருப்பம்!"

"சுவர் தள்ளுது. இனி உள்ளுக்குப் போக ஏலாது" என்றேன்.

குலசிங்கம் வேட்டைநாய் போலப் பாய்ந்து வந்தார். "நெருப்பு அடங்கிற நேரம் விசில் ஊதுறீர்! ஆர் உமக்குச் சொன்னது?"

"சுவர் சொன்னது சேர். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். விசிலை மீறி அனுப்ப அவருக்கும் துணிவில்லை. எதிர்ப் பக்கம் தள்ளி நின்று தண்ணீர் அடித்தோம். அது போதவில்லை. அடங்கிய நெருப்பு மறுபடி எழும்பிக் கூரையைத் தின்றது. தகரமும் வளைமரமும் மூட்டைகளின் மேல் சரிந்தன. அரிசி எரிகிற மணத்தைப் பசித்த சனம் வீதியில் நின்று மூக்கால் குடித்தது. எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். மாலையானது. நெருப்பு நூர்ந்து அணைந்தது.

சுவர் விழவில்லை.

"எங்கட சோத்தில மண்ணை அள்ளிப் போட்டுட்டான்" என்று ஒரு கிழவி கையை நெரித்துச் சாபம் போட்டாள். எவனோ எறிந்த கல் என் தோளில் பட்டது. வீட்டுக்குப் போனால் என் மனைவி ஸுல்பிகா அவித்த கிழங்கை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் செய்தது என்ன குற்றம்? ஆட்களை உயிரோடு வெளியே எடுத்தேன். சுவர் விழுந்து இரண்டு பேர் நசுங்கியிருந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள். செத்தால்தான் நம்புவீர்களா? சாகாமல் இருப்பதற்கு அத்தாட்சி கேட்டால் நான் எங்கே போவேன்?

அடுத்தடுத்த நாட்களில் நிலையத்தில் எனக்குப் பெரிய வரவேற்பு. "நானா, உங்கட சுவர் சுகமா இருக்கா?" என்று ஒருவன் கேட்பான். "இரவு தும்மினதாம், விழேல்லை" என்று இன்னொருவன் சொல்லுவான். சின்னராசா போய்ச் சுவரை மாட்டைத் தட்டுவது போலத் தட்டிவிட்டு வந்தானாம். "கல்லுப் போல நிக்குது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுவர் விழ வேண்டும் என்று நானே நினைத்தேன். ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு முறை விழுந்து தொலைத்தால் என்ன என்று பற்களைக் கடித்தேன்.

பிறகுதான் ஹாஜியார் அந்த அறிவிப்பை விட்டார். எரியாத அடி மூட்டைகளில் அரிசி மிச்சம் இருக்கிறதாம். நனைந்த அரிசி கடைக்கு உதவாது, ஏழை எளியதுகள் வந்து அள்ளிக்கொள்ளட்டும் என்றார். நல்ல மனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த மூட்டைகள் இருந்தது கடற்பக்கச் சுவரின் காலடியில்.

கேள்விப்பட்டு ஓடினேன். ஓலைப்பெட்டி, சாக்கு, சட்டி பானையோடு பெண்கள் வாசலில் குவிந்து நின்றார்கள். நெரிசலைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். நான் வாசலின் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"ஒருத்தரும் உள்ள போக ஏலாது. வீதிப் பக்கத்தால சுவரை உடைச்சு, மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பம். கொஞ்சம் பொறுங்க."

முன்னால் நின்றவள் புஷ்பவதி. சின்னராசாவின் மனைவி. எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"வழியை விடுங்க நானா. நெடுகக் கிழங்கு திண்டு பிள்ளையளுக்கு வயித்தால போகுது. அண்டைக்கு நீங்க விசில் ஊதாட்டி, நாங்க இண்டைக்குக் கரியரிசி பொறுக்க வந்திருப்பமா?"

அவள் கேட்டது எனக்குச் சுட்டது. கையை இறக்கவில்லை.

குலசிங்கம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நெருப்பு முடிஞ்சுது. அதோட உம்மட வேலையும் முடிஞ்சுது. விலகும்."

"விலக ஏலாது சேர்."

"சின்னராசா! இந்த மனுசனை இழுத்து அங்கால விடு."

சின்னராசா வந்தான். என் கையைப் பிடித்து முறுக்கினான். நான் உதைத்தேன், திமிறினேன், வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். என்னைவிட அவன் இளமை. தரதரவென்று இழுத்துப் பக்கத்தில் மண்ணில் தள்ளி அமுக்கிப் பிடித்தான். வாசல் திறந்தது. புஷ்பவதி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியில் கால் வைத்தாள்.

சின்னராசா என்னை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் போய் அவளுடைய கையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் பெட்டி கீழே விழுந்து உருண்டது.

அவள் திகைத்துப் போய்த் திரும்பினாள். "ஏன் என்னைப் பிடிக்கிறீங்க? சுவர் விழாது எண்டுதானே வீட்டில ஒவ்வொரு நாளும் சொல்லிச் சிரிச்சனீங்க?"

சின்னராசா தலையை உயர்த்திச் சுவரின் தள்ளிய நடுப்பகுதியைப் பார்த்தான். பின்னால் நின்ற பெண்கள் அவனுடைய முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி பின்வாங்கினாள். அவளோடு மற்றவளும் பின்வாங்கினாள். குலசிங்கம் தன் காலிலிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா," என்றான் சின்னராசா. "வாசல்ல வந்து நில்லுங்கோ."

எழும்பி மண்ணைத் தட்டினேன். என் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை.

"நிக்கிறன். ஆனா இவள் உன்ர பொஞ்சாதி எண்டதாலதானே இப்ப உனக்கு விளங்குது? நீ இப்ப கையால செய்ததைத்தான்டா அண்டைக்கு நான் விசிலால செய்தனான்!"

அவன் அவளுடைய கையை விடவேயில்லை.