வீட்டோடு சேர்ந்த ஹெஸ்டர்

ஹெஸ்டர் டக்வெல் தன் ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு வீட்டின் பகுதியாக, பழங்காலக் கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறினாள். மாடிப்படிக்கு அடுத்து, கணப்படுப்புக்கு முன்பு, ஏழாவது வரி. அதுவரை அந்த வீடு தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருந்தது. ஹெர்ஃபோர்ட்ஷயரில் மார்ஸ்டன் லேசி ஊர்க்காரர்களுக்கு அது ஒரு சங்கதியே இல்லை. நானூறு வருஷத்துக்கு முன், ஓக் மரத்தை ஈரம் காய்வதற்குள் இழைத்து, மர ஆணி அடித்து நிறுத்திய சட்டகம். நடுநடுவே பின்னிய குச்சித் தட்டி, அதன்மேல் மண், சாணம், சுண்ணாம்பு. காலையில் அரை அங்குலம் உப்பும், மாலையில் அடங்கும். அங்கே தேநீர்க் கோப்பையை விளிம்புவரை நிரப்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா சாகும்போது வீட்டை மகனுக்கும் வீட்டு வேலையை மகளுக்கும் விட்டுப்போனார். மகன் கிளெம் பழைய கடிகார வியாபாரி. அவன் விற்ற புராதனக் கடிகாரங்களில் பாதி அவனுக்குப் பிற்பாடு பிறந்தவை. வீட்டை லண்டன்காரர்கள் தலையில் கட்டத் தீர்மானித்தான். ஹெஸ்டருக்கும் அது சௌகரியம்தான். வேல்ஸ் கடற்கரையில் மீன் வறுவல் கடை வைத்திருந்த சைலஸ் ப்ரௌஸ் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தார், ஜூன் மாதம். முப்பது வருஷம் அப்பாவுக்கு ஓட்ஸ் கஞ்சி கிண்டியவள் இனிமேல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று பெட்டி கட்டினாள். கிளெம் சிமென்ட் மூட்டைகளோடு வந்தான்.

“டேய், சுண்ணாம்பு பூசுடா. சிமென்ட் போட்டா அதுக்கு மூச்சு முட்டும்.”

“அது மூச்சு விடுற இடத்துலதான்க்கா கீறல் விழுது. கீறலப் பாத்தா எவன் வாங்குவான்? நீ மீன்காரியா போற வழியப் பாரு.”

மண் இருந்த இடமெல்லாம் சிமென்ட், மரத்துக்கெல்லாம் தார்க் கறுப்பு. வீடு மூன்று நாள் மூச்சை அடக்கிப் பார்த்தது. நான்காம் நாள் கூரை வளைந்தது. பாவம் பார்த்து, ஹெஸ்டர் மூலைத்தூணில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். வீடு அதை வாங்கிக்கொண்டது. அன்றுமுதல் அவள் விட்டால்தான் அதுவும் விட்டது.

சனிக்கிழமை அவள் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வெளிக்கதவைத் தாண்டியதும் கூரை ஒரு சாண் இறங்கியது. மாடி ஜன்னலிலிருந்து கிளெம் அலறினான். “அக்கா! திரும்பி வாக்கா! நான் உள்ள இருக்கேன்!”

“நீ உள்ள இருக்கிறதுதான்டா யோசனையா இருக்கு,” என்றாள் ஹெஸ்டர். பஸ் நின்ற நேரம் முழுக்க நிஜமாகவே யோசித்தாள். பிறகு திரும்பி நடந்தாள். கூரை ஏறியது. பஸ் போய்விட்டது.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி மிஸ் க்ரூம் நாடாவோடு வந்து வீட்டையும் அவளையும் அளந்தாள். சிமென்டைப் பெயர்க்க அனுமதி வேண்டும், அனுமதி பரிசீலிக்கப்படும்.

“அதுவரைக்கும் நான்?”

“வீட்டோட ஒட்டினதெல்லாம் வீடுதாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, கதவுக் கொண்டி மாதிரி.”

“கொண்டியையாவது கழட்டுவாங்களே!”

“அதுக்கும் அனுமதி வேணுங்க.”

பரிசீலனை பதினோராவது வருஷமாக நடக்கிறது. சைலஸ் இரண்டு வருஷம் கடல் படம் போட்ட அட்டைகளில் எழுதினார். மூன்றாம் வருஷம் ஐஸ்கிரீம் கடைக்கார விதவை ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். வீட்டை ஆஷ்கோம் தம்பதி வாங்கினார்கள். விற்பனைத் தாளில் ஓக் சட்டகம், கணப்படுப்பு, மூச்சுக்கு ஒரு பெண் என்று தெளிவாகவே இருந்தது. நல்லவர்கள், அவளுக்கென்று தூணோரம் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஹெஸ்டர் தலைக்குச் சாயம் போட்டாள். மூல நிறத்துக்கு மாற்றும்படி நோட்டீஸ் வந்தது. மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளெம் அங்கே சாப்பிட வருகிறான். அவன் முதல் துண்டு இறைச்சியை வாயருகே கொண்டுபோகும்போது ஹெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். உத்தரம் முனகுகிறது. அவன் தட்டில் சிமென்ட் தூள் உதிர்கிறது. அவன் அவளைப் பார்க்கிறான், அவளும் பார்க்கிறாள். முப்பதுவரை எண்ணிவிட்டு விடுகிறாள்.

“ஈரக் காத்து,” என்கிறார் ஆஷ்கோம்.

“ஆமா, இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி,” என்று கிளெம் தூளை ஊதிவிட்டு, உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறான்.