செருப்புக் கட்டிய பலா

11-2-1997, செவ்வாய்

இந்த நோட்டில் ஒரு தவறு. பலாவின் அடிமரத்தில் பிஞ்சு விட்டதைத் திங்கட்கிழமை, மூன்றாம் தேதி பார்த்ததாக எழுதியிருக்கிறேன். இல்லை. ஒன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே பார்த்தேன். விரல்நுனி அளவில் இரண்டு. இலைமொட்டாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் வித்தியாசம்தான். ஆனால் நடுவில் ஞாயிறு இருக்கிறது.

அன்றுதான் வீட்டுக்கார ருக்மிணி மாமி, சாங்வியில் இருக்கும் இந்த வீட்டின் பின்பக்கம் ஒன்பது வருஷமாகக் காய்க்காமல் நின்ற மரத்துக்கு ரோஷம் வரவழைத்தாள். துடைப்பமும் பழைய செருப்பும் அதில் கட்டி, ஒருவர் அரிவாளை ஓங்க, இன்னொருவர் தடுக்க வேண்டும். அவர்கள் ஊர் வழக்கமாம். செருப்பு, மருமகள் ராஜி அக்காவுடையது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. அவளையும் மரத்தை ஒட்டி நிற்கச் சொன்னாள் மாமி. அரிவாள் மாமியின் கையில்; தடுக்கும் வேலை, மாடியறையில் குடியிருக்கும் எனக்கு.

“வேண்டாம் மாமி, அடுத்த வருஷம் காய்க்கும்” என்று மூன்று தடவை சொன்னேன். பாஷை புரியாத பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள்கூட மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன சனிக்கிழமை மாமியின் கண்ணில் பிஞ்சுகள் பட்டன. அதற்குள் பதினொன்று ஆகியிருந்தன.

“மரத்துக்கே ஒரு செருப்பு போதுமா இருந்துதுடி. உனக்கு எத்தனை கட்டணும்?” என்றாள் அக்காவிடம்.

சாமியே வழி காட்டிவிட்டது, மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறேன், நீ உன் அப்பா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டாள்.

இன்று டிராயிங் வகுப்பு முடிந்ததும், அக்காவின் புருஷன் மாதவ் அண்ணாவிடம் நோட்டை எடுத்துப் போனேன். செருப்புக் கட்டும் முன்பே பிஞ்சு இருந்தது, அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். தேதியை அடித்துத் திருத்தியிருக்கிறேனே, நம்புவாரா என்று பயம்.

அவர் நோட்டை வாங்கவே இல்லை.

“தெரியும்டா. நான் வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன்.”

பிறகு, காலையில் தனக்கு ஃபாக்டரியில் முதல் ஷிஃப்ட், நீ கொஞ்சம் போய்வர முடியுமா என்று கேட்டார். சரி என்றேன்.

நாளை: ஐந்தரைக்கு ஆட்டோ கூப்பிட வேண்டும். ராஜி அக்காவையும் இரண்டு பெட்டிகளையும் மெட்ராஸ் ரயிலில் ஏற்ற வேண்டும்.