அவள் கேட்டதாகச் சொன்ன கேசரி

நிர்மல் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். ஆறு மணிக்கு வைத்திருந்த அலாரத்தை அடிக்கும் முன்பே அணைத்தான். பல் தேய்த்தான். கதவுக்கு வெளியே தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். மூன்று மாடி ஏறி வந்து குளித்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். எல்லாம் முடிந்தபோது மணி ஆறரைதான். மிச்சமிருக்கும் காலையை என்ன செய்வதென்று ஒரு வருடமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

அன்று அலுவலகமும் இல்லை. மறுநாள் மனைவி எழிலரசிக்கு முதல் வருடத் திதி. லீவு போட்டிருந்தான்.

ஏழு மணிக்கு மாமியார் வேம்புலியம்மாள் வந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து முகப்பேருக்கு, கையில் தூக்குச்சட்டியோடு. அதில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கேசரி.

பதினாறாம் நாள் காரியத்தில் கேட்டார்கள்: கடைசியாக அவள் எதற்கு ஆசைப்பட்டாள்? அதை இலையில் வைத்துப் படைக்க வேண்டுமாம். பத்துப் பதினைந்து பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கேசரி கேட்டா" என்றான். ஏதாவது சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் வேம்புலியம்மாள் கேசரி கிண்டி எடுத்து வந்தார். மகள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அவனுக்குக் கொடுப்பார். அவனும் சாப்பிட்டுவிடுவான்.

"இன்னா மாப்ள, மூஞ்சி இப்டி கீது? எதுனா துன்னியா?"

"ம்."

மாமியார் பேசிக்கொண்டே படத்தைத் துடைத்தார். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் காலி செய்கிறார்களாம். தண்ணி லாரி மூன்று நாளாக வரவில்லையாம். நிர்மல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நம்ம தெரு கன்னியப்பன் நேத்து செத்துட்டான் மாப்ள."

"ம்."

"சாயங்காலமே எட்த்துட்டாங்க. பாவம்."

"ம்."

"இப்போ அவன் ஆட்டோலதான் வந்து எறங்குனேன். ஏன் மாப்ள, பேய் ஓட்டுனா மீட்டரு போடுமா?"

நிர்மல் திரும்பிப் பார்த்தான்.

"அவன் நல்லா கல்லு மாறி கீறான். எழிலு சொல்லிகினே இருக்கும். 'எங்கூட்டுக்காரு போடற ம்முல மூணு தினுசு கீதும்மா. காதுல வுழுந்த ம்மு, வுழாத ம்மு, எப்ப நிறுத்துவன்ற ம்மு.' சும்மா உன்ன ஓட்டுதுன்னு நெனச்சேன்."

அவள் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புதிது.

மாமியார் தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நெஜமா கேசரி கேட்டாளா?"

அவன் தூக்குச்சட்டியின் மூடியைப் பார்த்தான்.

"சின்னதுலேந்து அதுக்குக் கேசரி ஆவாது. ஏலக்கா வாசன வந்தாலே ஊட்ட வுட்டு ஓடிப் பூடும். கண்ணாலத்துல பந்தியில குந்திகினு உன் இலைக்குத் தள்ளிச்சே, பாக்கல?"

பார்த்திருந்தான். அதன்பிறகு மூன்று வருடம், போன கல்யாணங்களில் எல்லாம் அவள் பங்குக் கேசரி அவன் இலைக்கே வந்தது. ஆசையாகக் கொடுக்கிறாள் என்று நினைத்துச் சாப்பிட்டிருந்தான்.

"ஒருவேள உங்கூட வந்து மாறிக்கிச்சோன்னு நானும் கிண்டிகினு கீறேன். ஒவ்வொரு தபாவும் கையே வரல. நாளிக்கு தெவசம். புடிக்காதத இலையில வெச்சி எம்பொண்ணக் கூப்புட மாட்டேன். சொல்லு மாப்ள."

"கேசரி எனக்குத்தான் பிடிக்கும் அத்தை" என்றான். "அவளுக்கு என்ன பிடிக்கும்னு அன்னிக்கு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வரல. என்னோடதைச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மாமியார் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

"செரி. அன்னிக்கு இன்னாதான் சொன்னா?"

"சரியா கேக்கல அத்தை. ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன்."

"காதுல வுழுந்திச்சா, இல்லியா?"

"விழுந்துச்சு."

"அப்போ சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

சொன்னபடியே அவர் பேசவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் அவன் எதிரே உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுக்காமல், எங்கே இருக்கிறது என்றும் பார்க்காமல், அது ஓயும்வரை இருந்தார். இந்த ஒரு வருடத்தில் அவனை விசாரித்த எல்லோரும் அவன் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிட்டார்கள். இவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவன் இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினான். அப்போதும் சும்மா இருந்தார்.

பிறகு சொன்னான்.

அன்று காலை ஏழரை மணி. இதே மேசை. லேப்டாப் முன்னால், காதில் இயர்போன். பெங்களூரிலிருந்து ஒருவன் ஏதோ கணக்கு வாசித்துக்கொண்டிருந்தான். அவள் தான் பாடம் நடத்தும் ஆவடிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, ஹெல்மெட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். இவன் "ம்" என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் மறுபடி ஆரம்பித்தாள். இவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. அவள் நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு போட்டிருந்தாள். அப்புறம் போய்விட்டாள். பதினொரு மணிக்கு வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. பிறகும் வரவில்லை.

"அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது அத்தை. இலையில வைக்க ஒண்ணுமே இல்ல."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

"போவசொல்ல எதுனா சொல்லிச்சா?"

"சொன்னா."

"அது வாயால எப்டி சொல்லிச்சோ அப்டியே சொல்லு."

நிர்மல் வாசல் பக்கம் பார்த்தான். அவள் சொன்ன மாதிரியே, பாதி கேலியாக, பாதி அலுப்பாக, சொன்னான்.

"சாயங்காலம் அதக் காதுலேந்து கழட்டுவ இல்ல, அப்ப சொல்றேன். ஒண்ணும் அவசரமில்ல."