சொல்லிக்கொள்ளாமல் போகிறவன்

என் கடைக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் ஆனந்தகுமாருக்கு வியாபாரத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. அவன் கடை ஈ ஓட்டுகிறது என்பது வேறு விஷயம். போர்டெல்லாம் சும்மா, கஸ்டமர் தன் வாயால் நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அதுதான் விளம்பரம் என்பான். வருகிறவர்களிடம் போனில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கேள் என்று நச்சரிப்பான். கேட்டு? என்ன எழுதுவார்களாம்? சேவை அருமை, மறுபடியும் அழைப்போம் என்றா? நான் வாடகைக்கு விடுவது ஐஸ் பெட்டி. சாவு வீட்டில் உடம்பைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி.

ஒரு வருடம் அவன் பேச்சைக் கேட்டுக் காலண்டர் அடித்தேன். மேலே காமாட்சி அம்மன். கீழே, 'கண்ணாயிரம் ஐஸ் பெட்டி, எந்நேரமும் அழைக்கலாம்'. எவன் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவான்? டீக்கடைக்காரர் அம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மிச்சமெல்லாம் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. என் வீட்டில் மட்டும் ஒன்று தொங்கியது. தேதி கிழிக்க நான் ஒருவன்தான்.

நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்துக்காரன். பயிர் வைத்த குடும்பம். இந்தத் தொழிலுக்கு வந்தது கோபத்தில். என் மனைவி அலமு கத்திரி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். பெட்டி கொண்டுவந்த இரண்டு பேரும் தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். எல்லாம் முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒருத்தன் என்னிடம், "வரோம்ணா" என்றான். சாவு வீட்டில் எவனாவது வரேன் என்று சொல்வானா? சொல்லிக்கொள்ளாமல் போவதுதானே முறை? மறுபடியும் வர இந்த வீட்டில் இன்னும் என்ன இருக்கிறது? பாவி, அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. அடுத்த அறுவடைக்குள் நானே ஒரு பெட்டி வாங்கிவிட்டேன்.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பெட்டியை அதன் சக்கரத்தில் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போவேன். ஹாரன் கிடையாது. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் கேட்க மாட்டேன். வேலை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருக்கும். பெட்டியைத் தறியை ஒட்டித்தான் வைக்க முடியும். வருகிறவர்கள் ஈர மாலையைப் போடுவார்கள், பன்னீர் தெளிப்பார்கள். குமரகுரு என்ற நெசவாளர் இறந்தபோது அவர் தறியில் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. அவர் மனைவி ஏலவார்குழலி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு மாலை வரும்போதும் அவள் கண் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் பக்கம் போய்ப் போய் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு சொட்டுப் பட்டால் பட்டு கறையாகிவிடும். அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? புருஷனைவிடப் புடவை பெரிசாகப் போச்சா என்று ஊர் கிழித்துவிடாதா? வண்டியில் துவைத்த எட்டு முழ வேட்டி ஒன்று வைத்திருந்தேன். எடுத்துவந்து பாவு முழுக்கப் போர்த்திவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அழைப்புகள் வரத் தொடங்கின. "தறி மேல வேட்டி போத்துவாரே, அவருதானே?" என்று கேட்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால், குழலி அக்கா என்பார்கள். தறியே இல்லாத சின்ன காஞ்சிபுரத்து வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். குழலி அக்கா யாரிடமோ சொல்லி, அந்த யாரோ இன்னொருவரிடம் சொல்லி வந்த அழைப்புகள். ஆனந்தகுமார் வாயைப் பிளந்தான்.

பேர் வந்து என்ன செய்ய? சாவு வீட்டில் என் கையைப் பிடித்து, தெய்வம் மாதிரி வந்தீங்க என்று அழுதவர், ராஜவீதியில் எதிரே வந்தால் ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார். கல்யாணப் பட்டு எடுக்க வந்த இடத்தில் என் முகத்தில் விழிக்க யாருக்குத்தான் மனசு வரும்? எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓசூரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் தேவிப்ரியா, அப்பா டிராவல்ஸ் வைத்திருப்பதாக மாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். ஒரு வகையில் அதுவும் பொய்யில்லை. சாயங்காலமானால் ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, குரல் மறந்துவிடக் கூடாதே என்று டிவியோடு சண்டை போடுவேன். தனியாக இருந்து பழகிவிட்டது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். பழகவே பழகாது.

ஆனால் என்னைப் பற்றி நல்லதாகப் பேசும் வாய் ஒன்று இந்த ஊரில் இருக்கிறதே. சாவு இல்லாத ஒரு நாளில் போய் நின்றால் அந்த வாய் என்னை 'உள்ள வாங்க' என்று சொல்லுமா? அந்த இரண்டு வார்த்தைக்கு மனசு ஏங்க ஆரம்பித்துவிட்டது. ஆள் அனுப்புகிறவர்களைக் கவனிக்க வேண்டும், ஒரு ஸ்வீட் பாக்ஸாவது கொடுத்துவிட்டு வா என்று ஆனந்தகுமாரும் பிடுங்கினான். என் கையால் இனிப்பை யார் வாங்குவார்கள்? மாதுளையும் கொய்யாவும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிவிஎஸ்ஸில் குழலி தெருவுக்குப் போனேன். பழக்க தோஷம், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன். நடந்தேன். முதல் வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. ஒரு அம்மா அடித்துப் பிடித்து வெளியே வந்து, யார் வீட்டில், யாருக்கு என்ன என்று மார்பில் கை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொருவர் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். திரும்பிவிடலாமா என்று கால் இழுத்தது. உண்மையைச் சொன்னால், அழுகைதான் வந்தது.

குழலி வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியதும் தலையைத் தூக்கினாள். ஒரு கணம் அவள் முகமும் வெளுத்தது. பிறகு என் கையிலிருந்த பழப் பையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணா. உள்ள வாங்க" என்றாள்.

நாற்காலி போட்டாள். கேட்காமலே காபி கலந்து கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வாங்கிவிட்டேனே தவிர, குடிக்கலாமா என்று தெரியவில்லை. அடுத்தவர் வீட்டில் வாய் நனைத்து எத்தனையோ காலமாயிற்று. ஆறிடப் போகுது என்றாள். குடித்தேன். சர்க்கரை தூக்கல். அமிர்தமாக இருந்தது. அவள் சொல்லித்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது, அதற்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவள் தறியில் போய் உட்கார்ந்தாள். அறுந்த இழை ஒன்றை முடிந்துவிட்டு, தறியைப் பார்த்தபடியே பேசினாள்.

"முன்னெல்லாம் எந்தக் கடையில புடவை எடுக்கலாம், எந்தச் சமையக்காரரைக் கூப்புடலாம்னு என்னைத்தான் கேட்டுக்கினு இருந்தாங்கண்ணா. அவரு போனப்புறம் நல்ல காரியத்துக்கு யாரும் என்னைக் கேக்கறதில்ல. சாவு வுழுந்தாதான் என் ஞாபகம் வருது. கேக்கறதே அது ஒண்ணுதான். அதுக்காச்சும் நல்ல ஆளா சொல்ல வேணாமா?"

இத்தனை நாளாக ஊர் முழுக்க என் பேர் பரவியதை நினைத்து மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருத்தி, ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவனைக் கைகாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், படியிறங்கினேன்.

"அண்ணா." தறியைவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். குரலில் கோபம். "சொல்லிக்காம போறீங்களே. இது சாவு வீடா?"

வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, அப்படியே ஊறிப்போய்விட்டது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மனசில் இருந்ததும் வந்துவிட்டது. "நான் வரேன்னு சொன்னா யாருக்கும்மா நல்லா இருக்கும்? நான் வந்தா என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியுமே."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள்.

"என்னிக்கோ ஒரு நாள் எனக்காகப் பெட்டியைத் தள்ளிக்கினு வரத்தான் போறீங்க. அன்னிக்கு நான் காபி தர முடியாது. அதுக்கு முன்ன நாலு வாட்டி வந்துட்டுப் போங்க. இப்போ ஒழுங்கா சொல்லிட்டுக் கிளம்புங்க."

இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போயிட்டு வரேம்மா" என்றேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "குழலி, யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றாள் குழலி, தெருவுக்கே கேட்கும்படி. "எங்க வீட்டுக்கு வந்தவரு. காபி சாப்ட வந்தாரு. இன்னும் வருவாரு."

எதிர்வீட்டுப் பெண் உள்ளே போனாள். நான் நடக்க நடக்க, நின்றுபோயிருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. தெருமுனையில் வண்டியைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். நான் ஒரு தடவை ஹாரன் அடித்தேன்.